உஷார்! கார் கதவு துப்பாக்கிக்குக் காவல் இல்லை

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களே, உங்கள் காரில் இந்த நேரம் ஒரு துப்பாக்கி இருக்கிறதா? அப்படியானால் முதலில் எழுந்து போய் அதை எடுத்து, வீட்டுக்குள் கொண்டுவந்து பூட்டிவையுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்கு நான்கே நாளில் முடிந்த ஒரு கதை இருக்கிறது.

நான்கு நாள் இடைவெளி

2015 ஜூன் 27, சனிக்கிழமை. மத்திய அரசின் நில நிர்வாகத் துறையில் ரேஞ்சராக இருந்த ஒருவர், பயணத்தின் நடுவே சான் பிரான்சிஸ்கோவில் காரை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது கார்க் கண்ணாடி உடைந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த முதுகுப் பையைக் காணோம். பைக்குள் இருந்தது குண்டு நிரப்பிய .40 காலிபர் கைத்துப்பாக்கி. அவர் போலீஸில் புகார் கொடுத்தார்.

ஜூலை 1 மாலை. அதே நகரின் கடலோரத்தில், 'பியர் 14' என்ற நடைமேடையில், 32 வயதுப் பெண் ஒருவர் தன் அப்பாவோடு நடந்துகொண்டிருந்தார். அந்தத் துப்பாக்கியிலிருந்து கிளம்பிய குண்டு தரையில் பட்டுத் தெறித்து அவர் முதுகில் பாய்ந்தது. அப்பாவின் கண்ணெதிரிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர் உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் இருந்தவர் என்பதால், அந்தச் சாவு பெரிய அரசியல் சண்டையாக வெடித்தது. பல வருடம் அதையே பேசினார்கள். காரில் விட்டுப்போன ஒரு பையில்தான் எல்லாம் தொடங்கியது என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

அது தனிச் சம்பவம் என்று தள்ளிவிடவும் வழியில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், பக்கத்து ஊரான ஓக்லாண்டில், நெடுஞ்சாலைப் பாலத்தடியில் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்த 27 வயதுக் கலைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். குடியேற்றத் துறை அதிகாரி ஒருவரின் வாடகைக் காரிலிருந்து இரண்டு வாரத்துக்கு முன்பு களவுபோன துப்பாக்கி அது. 2017 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் மறுபடியும் ஓர் இளைஞர் பலியானார். அவரைச் சுட்ட ரிவால்வர் ஒரு போலீஸ்காரரின் சொந்தக் காரிலிருந்து போனது.

மூன்று துப்பாக்கிகளுமே அதற்கென்று பயிற்சி பெற்று, அதையே தொழிலாக வைத்திருந்தவர்களுடையவை. அவர்களுக்கே காரின் பூட்டு காவல் கொடுக்கவில்லை. நமக்கு மட்டும் எப்படிக் கொடுக்கும்?

ஒன்பது நிமிடத்துக்கு ஒன்று

2017 முதல் 2021 வரையிலான ஐந்தே ஆண்டுகளில், தனிமனிதர்களிடமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திருடுபோனதாகப் புகார் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.டி.எஃப். வெளியிட்ட கணக்கு இது. துப்பாக்கி வன்முறையை எதிர்க்கும் 'எவ்ரிடவுன்' அமைப்பு 337 நகரங்களின் 2022-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தது. திருடுபோன துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் கார்களிலிருந்து போனவை. சராசரியாக ஒன்பது நிமிடத்துக்கு ஒன்று. அதற்குப் பத்தாண்டு முன்பு கார்களிலிருந்து போனவை கால் பங்கு அளவில்தான் இருந்தன.

துப்பாக்கி ஏன் காரில் வந்து உட்கார்ந்தது? டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தடை இல்லாத, 21 வயது நிரம்பிய எவரும் அங்கே லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். ஆனால் போகிற இடமெல்லாம் உள்ளே விடுவதில்லை. ஆபீஸ், பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம் என்று ஒவ்வொரு வாசலிலும் தடை. ஊழியர்கள் பூட்டிய காருக்குள் துப்பாக்கியை விட்டுவரலாம் என்று அந்த மாநிலச் சட்டமே இடம் கொடுக்கிறது. விளைவு? இடுப்பில் இருக்கவேண்டியது க்ளவ் பாக்ஸில் எட்டு மணி நேரம் கிடக்கிறது. வீடு திரும்பியதும் 'காலையில் மறுபடியும் எடுக்கத்தானே போகிறோம்' என்ற சோம்பலில் ராத்திரியும் அங்கேயே தங்குகிறது.

திருடனுக்கும் இது தெரியும். நடுராத்திரியில் தெருவோடு நடந்து, ஒவ்வொரு காரின் கைப்பிடியையும் இழுத்துப் பார்க்கிறான். பூட்டாத கார் கிடைத்தால் சத்தமே இல்லை. பூட்டியிருந்தாலும் கண்ணாடி உடைய சில வினாடி போதும். பின்பக்கம் துப்பாக்கிக் கம்பெனியின் ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று நாமே எழுதிப்போட்டது போல ஆகிவிடுகிறது.

எங்கே வைக்கக்கூடாது, எப்படி வைக்கலாம்

சீட்டுக்கு அடியில் கூடாது. முதுகுப் பையில் கூடாது. க்ளவ் பாக்ஸிலும் நடுவிலுள்ள கன்சோலிலும் கூடவே கூடாது. திருடன் முதலில் கை விட்டுத் துழாவும் இடங்கள் இவை. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி கொண்டுபோவதற்கான மத்தியச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. தனி டிக்கி இல்லாத வண்டியில் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும், க்ளவ் பாக்ஸும் கன்சோலும் அந்தப் பெட்டியாகக் கணக்கில் வராது என்கிறது அது.

தவிர்க்கவே முடியாமல் கொஞ்ச நேரம் காரில் விடவேண்டி வந்தால் இப்படிச் செய்யுங்கள்:

குண்டுகளை வெளியே எடுங்கள். கனமான இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். அந்தப் பெட்டியைத் தடித்த இரும்புக் கம்பிவடத்தால் காரின் உடலோடு பிணையுங்கள். பிணைக்காத பெட்டியைத் திருடன் அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆறஅமர உடைப்பான். பெட்டி வெளியிலிருந்து கண்ணில் படக்கூடாது. இந்த வேலையைப் புறப்படும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த பார்க்கிங் லாட்டில் நாலு பேர் பார்க்க டிக்கியைத் திறந்து வைத்தால், காட்டிக்கொடுத்தவர் நீங்கள்தான்.

கலிஃபோர்னியாவில் 2017-இலிருந்து போலீஸாருக்கும் சேர்த்தே இந்தக் கட்டுப்பாடு உண்டு. ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டால் டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ, கண்ணில் படாதபடி வைத்தாகவேண்டும். கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல் இதே போன்ற சட்டம் அமலில் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் சட்டம் இல்லையென்றாலும் இதையே சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கு மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். நீங்கள் வீட்டுக்குள் வரும்போது துப்பாக்கியும் வரவேண்டும். வந்ததும் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பெட்டகத்துக்குள் போகவேண்டும்.

திருடு போய்விட்டதா? வரிசையாகச் செய்யுங்கள்

முதலில், எதையும் தொடாதீர்கள். கதவுக் கைப்பிடியிலும் உடைந்த கண்ணாடியிலும் கைரேகை இருக்கலாம். திருடன் கண்ணில் பட்டாலும் துரத்தவே துரத்தாதீர்கள். அவன் கையில் இருப்பது உங்கள் துப்பாக்கி. விலகி நின்று 911-ஐக் கூப்பிடுங்கள். ஆள் போய்விட்டான் என்றால் உள்ளூர் போலீஸின் சாதாரண எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

இரண்டாவது, முழு விவரம் கொடுங்கள். கம்பெனி, மாடல், காலிபர், எல்லாவற்றுக்கும் மேலாக சீரியல் நம்பர். எஃப்.பி.ஐ. நடத்தும் என்.சி.ஐ.சி. என்ற தேசியப் பதிவேட்டில் திருட்டுத் துப்பாக்கியை ஏற்ற அந்த நம்பர் கட்டாயம். அது ஏறிவிட்டால், நாட்டின் எந்த மூலையில் எந்தப் போலீஸ்காரர் கையில் சிக்கினாலும் திருட்டுப் பொருள் என்று தெரிந்துவிடும். நம்பர் உங்களிடம் இல்லையா? வாங்கிய கடைக்குப் போன் செய்யுங்கள். விற்பனைப் பதிவில் இருக்கும்.

மூன்றாவது, கேஸ் நம்பரை வாங்காமல் நகராதீர்கள். பதிவேட்டில் ஏற்றியாயிற்றா என்று மறுநாள் மறுபடியும் கேளுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக் கேமராப் பதிவுகள் அழிவதற்குள் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, கூடவே என்னென்ன போயிற்று என்று பாருங்கள். வீட்டுச் சாவியோ கராஜ் ரிமோட்டோ வண்டிப் பதிவுச் சீட்டோ போயிருந்தால், உங்கள் முகவரியும் திறவுகோலும் சேர்ந்து ஆயுதத்தோடு இருப்பவனிடம் போயிருக்கிறது. அன்றைக்கே பூட்டை மாற்றுங்கள், ரிமோட்டின் பதிவை அழித்துவிடுங்கள்.

ஐந்தாவது, இன்சூரன்ஸ். உடைந்த கண்ணாடிக்குக் கார் பாலிசி, காணாமல்போன பொருளுக்கு வீட்டு அல்லது வாடகைதாரர் பாலிசி என்பதுதான் வழக்கம். துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, பலர் கோட்டைவிடும் ஒன்று. புகார் கொடுத்த பிறகு துப்பாக்கி வேறெங்காவது உங்களிடமே அகப்பட்டால், உடனே போலீஸுக்குச் சொல்லிப் பதிவேட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது சாலையில் நிறுத்திச் சோதிக்கும்போது, திருட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்டவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்

நம்மவர்களிடம் ஒரு பயம் உண்டு. 'போலீஸ், கேஸ் என்று போனால் குடியுரிமைக்குச் சிக்கல் வருமோ, நாலு பேர் என்ன சொல்வார்களோ' என்று வாயை மூடிக்கொள்ளும் பயம். மறைப்பதுதான் ஆபத்து. அந்தத் துப்பாக்கி நாளை ஒரு குற்றம் நடந்த இடத்தில் கிடைத்தால், சீரியல் நம்பரைப் பிடித்துக்கொண்டு விசாரணை கடைக்கு வரும், கடையிலிருந்து உங்கள் வாசலுக்கு வரும். முன்பே கொடுத்த புகார் ஒன்றுதான் அப்போது உங்கள் பக்கம் பேசும்.

சட்டமும் கெடு வைத்திருக்கிறது. நியூயார்க்கில் 24 மணி நேரம், நியூஜெர்ஸியில் 36 மணி நேரம், வர்ஜீனியாவில் 48 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 5 நாள். திருட்டு தெரிந்ததிலிருந்து அதற்குள் சொல்லியாகவேண்டும். டெக்சாஸில் அப்படிக் கட்டாயம் இல்லை. அதற்காக அங்கே காத்திருந்துவிடாதீர்கள்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னும் கடுமையான எச்சரிக்கை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நீங்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியக் குற்றம். நண்பரின் காரை இரவல் வாங்கினால், உள்ளே துப்பாக்கி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாவியை வாங்குங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோ ரேஞ்சர் புகார் கொடுக்கத் தவறவில்லை. அப்படியும் நான்காம் நாள் ஒரு தகப்பன் மகளை இழந்தார். புகார் உங்களைக் காக்கும். துப்பாக்கியைத் திரும்பக் கொண்டுவரவும் உதவலாம். ஆனால் கையை விட்டுப் போன அந்த நான்கு நாளில் குண்டு யார் மேலாவது பாய்வதை எந்தப் புகாரும் தடுக்காது. அதைத் தடுக்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் காரைவிட்டு இறங்கும் அந்த ஒரு நிமிடம்.

துப்பாக்கியை உள்ளே கொண்டுவந்துவிட்டீர்களா? அப்படியே அதன் சீரியல் நம்பரையும் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அந்தத் தாளைத் தேடவேண்டிய நாள் உங்களுக்கு வராமலே இருக்கட்டும்.