ஸாம் குக்கின் வாழ்வும் இசையும்

தேவாலயத்திலே கடவுளைப் பாடிப் பழகிய குரல் கேளிக்கை அரங்கிலே காதலைப் பாடலாமோ என்னும் வினா, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் கறுப்பின மக்களிடையே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிகக் கடுமையாக விவாதிக்கப்பட்டதொன்றாகும். அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்து, அதனால் வந்த ஏச்சையும் புகழையும் ஒருங்கே ஏற்றவர் ஸாம் குக் என்பார். 'ஸோல்' எனப்படும் இசைவகையைத் தோற்றுவித்த முதல்வர் சிலருள் இவர் ஒருவர். இவர் வரலாற்றை நேயர்களுக்குச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

ஸோல் என்னும் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். ஆயினும் ஸோல் இசை பக்திப் பாட்டன்று. அதன் தாய் 'காஸ்பெல்' என்னும் சுவிசேஷ கீதம். தந்தை 'ரிதம் அண்டு புளூஸ்' என்னும் உலகியற் பாட்டு. கறுப்பின மக்களின் சபைகளில் ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடுவதும், கைத்தட்டினால் தாளம் நிறுத்துவதும், ஒரு சொல்லையே பலவாறு வளைத்தும் நீட்டியும் உருக்கத்தைப் பெருக்குவதும் நெடுநாளைய வழக்கம். அம்முறை முழுவதையும் அப்படியே எடுத்து, இறைவன் நின்ற இடத்தில் ஒரு காதலியை நிறுத்திவிட்டால் ஸோல் பிறந்துவிடுகின்றது. 1954-ஆம் ஆண்டில் ரே சார்ல்ஸ் என்பவர் இதனைத் துணிந்து செய்தார். ஆனால் அவர் சபைப்பாடகராகப் புகழ்பெற்றவரல்லர். ஸாம் குக்கோ சபைகளின் கண்மணியாக விளங்கியவர். இவர் வெளியே காலெடுத்து வைத்தபோது எழுந்த ஆரவாரம் பெரிதாயிருந்ததன் காரணம் இதுவே.

இவர் 1931-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ஆம் தேதி மிஸிஸிப்பி மாகாணத்துக் கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சார்ல்ஸ் குக் ஒரு போதகர். அக்காலத்தில் தென்மாகாணங்களின் கறுப்பின மக்கள் பிழைப்பை நாடியும், நிறவேற்றுமைக் கொடுமைக்கு ஆற்றாமலும் வடநாட்டுப் பெருநகரங்களுக்குக் கூட்டங் கூட்டமாகப் பெயர்ந்துகொண்டிருந்தனர். குக் குடும்பத்தாரும் 1933-ல் சிக்காகோ நகரிற் குடியேறினர். அங்கே உடன்பிறந்தாரோடு சேர்ந்து சிறுவயதிலேயே சபைகளிற் பாடத் தொடங்கிய ஸாம், பின்னர் 'ஹைவே க்யூ. ஸீ.ஸ்' என்னும் வாலிபர் குழுவில் முன்பாட்டுக்காரரானார். (குடும்பப் பெயரின் இறுதியில் ஆங்கில எழுத்தொன்றை இவர் பிற்காலத்தில் தாமே கூட்டிக்கொண்டார். ஒலிப்பிலே வேறுபாடு இல்லையாதலின் தமிழில் எழுதும் நமக்கு அத்தொல்லை இல்லை.)

1926-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாகாணத்தில் தோன்றிய 'ஸோல் ஸ்டிரர்ஸ்' என்னும் குழு அந்நாளில் காஸ்பெல் உலகில் தலைசிறந்து விளங்கியது. அதன் முன்பாட்டுக்காரர் ஆர். எச். ஹாரிஸ் என்பவர் பெரும் புலவர். முன்பாட்டை இருவர் மாறிமாறிப் பாடி எழுச்சியூட்டும் முறையை நிலைநாட்டியவர். அவர் 1950-ல் விலகவே, இருபது வயதும் நிரம்பாத ஸாம் அவ்விடத்திற்கு அழைக்கப்பட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து 'ஸ்பெஷல்டி' இசைத்தட்டுக் கம்பெனியின் உரிமையாளர் ஆர்ட் ரூப் இத்தேர்வினைக் கண்டு கலங்கினார். ஆனால் 1951-ல் பதிவான முதல் இசைத்தட்டே அவர் கலக்கத்தைத் தீர்த்தது. அது கிணற்றண்டை இயேசுவைக் கண்ட சமாரியப் பெண்ணின் வரலாற்றைக் கூறும் பாட்டு.

இவர் குரலின் தன்மையைச் சொல்லால் விளக்குதல் எளிதன்று. காஸ்பெல் பாடகர் பலர் உச்சத்திற் சென்று முழங்குவர். கேட்போர் எழுந்து கூவும்வரை ஓயார். ஸாம் தொடக்கத்தில் அவ்வாறு முழங்க முயன்று தோற்றார். பின்பு தம் இயல்பை அறிந்துகொண்டார். எட்டவேண்டிய சுரத்தைப் பலவந்தமாகப் பற்றாது, அதன் கீழே மிதந்து, சிறு பிருகா ஒன்றினால் வளைந்து இறங்கும் தனிவழி ஒன்றைக் கண்டார். அது பின்னர் அவருடைய முத்திரையாயிற்று. உரத்த குரல் சபையை எழுப்பிற்று. இவருடைய மெல்லிய குரலோ சபையைத் தன்பால் சாயச் செய்தது. மற்றொன்று, கதை சொல்லும் திறம். 1956-ல் வெளிவந்த, உதிரப்பெருக்குள்ள ஸ்திரீ ஆண்டவரின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்ட வரலாற்றைக் கூறும் பாட்டிலே, கூட்ட நெரிசலும் அவள் தயக்கமும் கேட்பவர் கண்முன் நிற்கின்றன. நம் கருத்தில் இவர் பாடியவற்றுள் இதனை விஞ்சியவை ஒன்றிரண்டே.

அவ்வாண்டின் இறுதியிலேதான் குக் உலகியற் பாட்டொன்றைப் பதிவு செய்தார். சபையார் கோபத்திற்கு அஞ்சி 'டேல் குக்' என்னும் புனைபெயரில் அத்தட்டு வெளியாயிற்று. பெயரை மறைக்கலாம், அக்குரலை எங்ஙனம் மறைப்பது? கேட்ட அனைவரும் உடனே கண்டுகொண்டனர். மேலும், அப்பாட்டு அவர் குழுவின் பக்திப் பாட்டொன்றின் மெட்டிலேயே சொற்களைச் சிறிது மாற்றி அமைத்ததாகும். மறைவு இனிப் பயன்படாதென்று தெளிந்த குக் 1957-ல் குழுவை விட்டு நீங்கினார்.

அதே ஆண்டில் பம்ப்ஸ் பிளாக்வெல் என்னும் இசையமைப்பாளரின் மேற்பார்வையில் சில காதற்பாட்டுக்களைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஆர்ட் ரூப் உள்ளே வந்தார். வெள்ளையர் பாணியிலமைந்த பின்பாட்டைக் கேட்டுச் சினந்தார். வாக்குவாதம் முற்றவே பிளாக்வெலும் குக்கும் அக்கம்பெனியை விட்டு விலகினர். தமக்கு வரவேண்டிய பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவுகளைக் கைக்கொண்டார் பிளாக்வெல். அவற்றுள் ஒன்றான 'யூ ஸெண்ட் மீ' 'கீன்' என்னும் புதுக் கம்பெனியின் வாயிலாக வெளிவந்து, வெள்ளையர் வாங்கும் பட்டியலிலும் கறுப்பினத்தார் வாங்கும் பட்டியலிலும் ஒருங்கே முதலிடம் பெற்றது. பத்து இலட்சத்திற்கு மேல் விற்றது. நவம்பரில் எட் ஸல்லிவன் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குக் அதைப் பாடத் தொடங்கியதும் நேரம் முடிந்து காட்சி அறுந்துபோயிற்று. நேயர்கள் குறைகூறவே அடுத்த மாதம் அவரை மீண்டும் அழைத்து முழுமையும் பாடச் செய்தனர்.

நிற்க. அத்தட்டின் மேல் ஆசிரியர் பெயராகக் குறிக்கப்பட்டவர் ஸாம் அல்லர், அவர் தம்பி. இதன் காரணத்தை அறிதல் நன்று. அமெரிக்க இசைத்தட்டு வாணிகத்தில் பாடுவோருக்கு ஒரு பங்கும் பாட்டை இயற்றியோருக்கும் பதிப்புரிமையுடையோருக்கும் வேறு பங்கும் உண்டு. ஸாமின் பெயர் இருந்தால் பழைய ஒப்பந்தத்தின்படி பதிப்புரிமை ரூபைச் சேரும் என்றெண்ணியே தம்பியின் பெயர் இடப்பட்டது. இச்சிறு தந்திரம் அவருக்கு ஒரு பெரும் பாடமாயிற்று என்று தோன்றுகின்றது. நண்பர் ஜே. டபிள்யு. அலெக்ஸாண்டரோடு கூடிப் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார், பின்னர் 'எஸ். ஏ. ஆர்.' என்னும் இசைத்தட்டுக் கம்பெனியையும் நிறுவினார். கறுப்பினப் பாடகர்களுக்கு ஒரு மோட்டார் காரைக் கொடுத்து உரிமை முழுவதையும் எழுதி வாங்கிக்கொள்ளுதல் சாதாரணமாயிருந்த அந்நாளில், பாடகர் ஒருவர் முதலாளியாதல் அரிய செயல். தாம் விட்டு நீங்கிய ஸோல் ஸ்டிரர்ஸ் குழுவையே தம் கம்பெனிக்குப் பாடவைத்தார். வோமாக் சகோதரர்கள் என்னும் போதகர் வீட்டு இளைஞர்களை அழைத்துப் பக்திப் பாட்டும், அதன் பின் உலகியற் பாட்டும் பாடச் செய்தார். அவ்விளைஞர்கள் 1964-ல் வெளியிட்ட பாட்டொன்றை இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் எடுத்துப் பாடி, தங்கள் நாட்டில் முதன்முறை முதலிடம் பெற்றனர்.

தாம் பாடும் பாட்டுக்களுக்கோ 1960 முதல் 'ஆர். ஸீ. ஏ.' என்னும் பெரிய கம்பெனியைக் குக் நாடினார். அங்கு வெளிவந்த தட்டுக்களுள் சாலையோரத்திற் சங்கிலியிட்டு வேலைவாங்கப்பட்ட கைதிகளைக் கண்டு இயற்றிய பாட்டொன்றும் உண்டு. துள்ளலான அதன் தாளத்திற்கு ஆடினோர் பலர். பொருளை நினைத்தோர் எத்தனைபேர் என்பது ஐயமே.

இத்துணைப் புகழ் பெற்றும் தென்மாகாணங்களில் இவர் தங்குவதற்கு நல்ல விடுதி கிடைப்பது அரிது. கொட்டகைகளில் வெள்ளையருக்கு ஓரிடம், கறுப்பினத்தாருக்கு வேறிடம். 1961-ல் மெம்பிஸ் நகரில் அவ்வாறு பிரித்து அமர்த்திய சபைமுன் பாட இயலாதென்று மறுத்துவிட்டார். 1963-ஆம் ஆண்டோ இவர் வாழ்வில் மிகத் துயரமான ஆண்டு. கோடையில் இவருடைய பச்சிளம் புதல்வன் வீட்டு நீச்சற்குளத்தில் விழுந்து இறந்தான். அக்டோபரில் லூயிஸியானா மாகாணத்து ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்னரே பதிவு செய்திருந்த விடுதியில் மனைவியோடும் தோழரோடும் சென்றிறங்கியபோது இடமில்லையென்று கையை விரித்துவிட்டனர். குக் அங்கேயே நின்று வாதாடினார். காரின் ஊதுகுழல் நெடுநேரம் ஒலிக்கப்பட்டது. பின்னர் கறுப்பினத்தார் விடுதியொன்றை அடைந்தபோது போலீஸார் அங்கே காத்திருந்து, அமைதியைக் குலைத்ததாக இவர்களைக் கைது செய்தனர்.

இதற்குச் சில திங்கள் முன்பு பாப் டிலன் என்னும் வெள்ளைக்கார வாலிபர் நிறவேற்றுமையைக் குறித்துப் பாடிய பாட்டொன்று குக்கின் உள்ளத்தைத் தைத்திருந்தது. இத்தகைய பாட்டு நம்மவரிடமிருந்தன்றோ வந்திருக்க வேண்டும் என்று நாணினார் என்பர். அந்நாணமும் மகனை இழந்த துயரும் ஷ்ரீவ்போர்ட்டின் அவமானமும் ஒன்றுகூடிப் பிறந்ததே 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' என்னும் பாட்டு. மாற்றம் ஒன்று வந்தே தீரும் என்பது அதன் கருத்து. 1964 ஜனவரி 30-ஆம் தேதி ரெனே ஹால் என்பவர் நரம்புக் கருவிகளும் கொம்பும் பெருமுரசும் சேர்த்து அமைத்த பின்னணியோடு அதனைப் பதிவு செய்தனர். மரணத்துக்கு அஞ்சுதல், மறுமையை ஐயுறுதல் ஆகியவற்றையும் அப்பாட்டு மறைக்கவில்லை. போதகரின் மகன் அவ்வாறு ஐயுற்றுப் பாடியது சிலர்க்கு வருத்தமளித்திருக்கலாம்; சங்கீதப் புத்தகத்தை ஊன்றிப் படித்தவர்க்கு அது புதிதாய்த் தோன்றாது. பிப்ரவரி 7-ஆம் தேதி தொலைக்காட்சியில் ஒருமுறை பாடினார். அப்பதிவு பேணப்படவில்லை. பொதுமேடைகளில் அவர் அதைப் பாட விரும்பியதாகவும் தெரியவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து விடுதியொன்றில், அதனைக் கண்காணித்த பெண்மணியால் குக் சுடப்பட்டு இறந்தார். வயது முப்பத்துமூன்று. தற்காப்புக்காகச் செய்யப்பட்ட கொலை என்று விசாரணையில் தீர்ப்பாயிற்று. குடும்பத்தாரும் நண்பர்களும் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. இதைப்பற்றி ஊகங்களை அடுக்குவோர் நூல்கள் பலவுண்டு. நாம் அவ்வழிச் செல்ல விரும்பவில்லை. சிக்காகோவில் நடந்த சவ அடக்க ஆராதனைக்குப் பல்லாயிரவர் திரண்டனர். மாற்றத்தைப் பற்றிய அப்பாட்டு, அதே மாதத்தில் மற்றொரு பாட்டின் மறுபுறமாகத் தனித்தட்டில் வெளிவந்தது. நகரின் நடுவே செல்லத் தடையுண்டு என்று முறையிடும் அடிகளை அத்தட்டிலிருந்து நீக்கியே வெளியிட்டனர். ஆயினும் குடியுரிமைப் போராட்டத்தார் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். ஓடிஸ் ரெட்டிங் 1965-லும் அரீதா ஃபிராங்க்ளின் 1967-லும் அதைப் பாடினர். குக் அரும்பாடுபட்டுத் தேடிய உரிமைகளோ, காலப்போக்கில் அவருடைய காரியதரிசியாயிருந்த ஆலன் க்ளைன் என்பாரின் கம்பெனியைச் சேர்ந்தன. ஷ்ரீவ்போர்ட் நகரத் தலைவர் அக்குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரியது 2019-ஆம் ஆண்டில்.

இவரைக் கேட்க விரும்பும் நேயர்கள் முதலில் ஸோல் ஸ்டிரர்ஸ் குழுவோடு பாடியவற்றைக் கேட்டல் நன்று. பிறகு இரு மேடைப் பதிவுகளை ஒப்பிடுக. ஒன்று, 1964-ல் நியூயார்க் நகரத்துக் கோபகபானா விடுதியில் செல்வர்முன் பாடியது. நயமானது, அளவோடு அமைந்தது. மற்றொன்று, 1963 ஜனவரியில் மயாமி நகரத்து ஹார்லம் ஸ்குவேர் கிளப்பில் கறுப்பின மக்கள்முன் பாடியது. அங்கே குரல் கரகரக்கின்றது. கூட்டத்தார் அடிக்கடி வாங்கிப் பாடுகின்றனர். காதற்பாட்டின் நடுவே தேவாலயமே எழுந்து வந்தாற்போல் இருக்கின்றது. பெயருக்குப் பழுது வருமோ என்று கம்பெனியார் இதனை மூடிவைத்து, 1985-ஆம் ஆண்டிலேதான் வெளியிட்டனர்.