உஷார்! பழைய வரைபடத்தில் 'சேவ் ஆஸ்' போட்டா ஆரம்பிக்கிறீர்கள்?

நிறுத்துங்கள். மவுஸிலிருந்து கையை எடுங்கள்.

புதிதாக ஒரு மியூசியம் வேலை வந்திருக்கிறது. கூடத்தின் அளவு வந்துவிட்டது, காட்சிப் பொருள்களின் பட்டியலும் வந்துவிட்டது, திங்கட்கிழமை வரைபடம் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வீர்கள்? போன வருஷ வேலையின் ஆட்டோகேட் ஃபைலைத் திறந்து, 'சேவ் ஆஸ்' போட்டு, புதுப் பெயர் வைத்து, பழையதை அழித்துவிட்டு வரையத் தொடங்குவீர்கள். கேட்டால், "இதுதான் எங்க டெம்ப்ளேட்" என்பீர்கள்.

அது டெம்ப்ளேட் இல்லை. யாரோ குடியிருந்துவிட்டுப் போன வீடு. பரணில் என்ன கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். காட்சிக்கூட வடிவமைப்பில் நாலு வருஷ அனுபவம், கெட்டிக்காரி. பத்துக் கண்ணாடிப் பெட்டிகள் வரைய வேண்டியிருந்தது. கீழே பீடம், நடுவில் கண்ணாடி, மேலே விளக்குப் பெட்டி. பழைய வேலையில் கண்ணாடி உயரம் 1200 மி.மீ. புதுக் கூடத்தில் ஏ.சி. குழாய் தாழ்வாகப் போனதால் 1050-க்கு மேல் இடமில்லை. 'ஸ்ட்ரெச்' போட்டு இறக்கினாள். படம் இறங்கியது. பக்கத்தில் இருந்த எண் இறங்கவில்லை.

முந்தைய வேலையில் யாரோ அவசரத்தில் அந்த டைமென்ஷனின் மேல் கையால் 1200 என்று டைப் செய்து வைத்திருந்தார்கள். அப்படிச் செய்துவிட்டால் படம் எவ்வளவு மாறினாலும் அந்த எண் அசையாது. கல்வெட்டு மாதிரி நிற்கும்.

கண்ணாடிப் பட்டறையில் படத்தின் மேல் ஸ்கேல் வைத்துப் பார்க்க மாட்டார்கள். எண்ணைத்தான் படிப்பார்கள். அதுதான் முறையும்கூட. 1200-க்கு வெட்டி, ஓரம் தேய்த்து, துளை போட்டு, சூடேற்றி டஃபண்ட் ஆக்கி அனுப்பிவிட்டார்கள். லாரியிலிருந்து இறக்கிப் பீடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பலகையும் 150 மி.மீ. அதிகம்.

வெட்டிக்கொள்ளலாமே என்று நினைக்கிறீர்களா? முடியாது. டஃபண்ட் ஆக்கிய கண்ணாடியை வெட்டவே முடியாது. வெட்டப் போனால் மொத்தமும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். பத்துப் பெட்டி, நாற்பது பலகை, அத்தனையும் குப்பை. வாசலில் திறப்பு விழாவுக்குப் பந்தல்கால் நட்டாகிவிட்டது. நஷ்டம் முழுவதும் அவள் ஆபீஸ் தலையில். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போன் செய்து அழுதாள். "அக்கா, நான் சரியாத்தான்க்கா வரைஞ்சேன்."

சரியாகத்தான் வரைந்திருந்தாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உங்கள் ஃபைலை இப்போதே திறங்கள். ஏதாவது ஒரு டைமென்ஷனைக் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பாருங்கள். 'மெஷர்மென்ட்' என்ற கட்டத்தில் உண்மையான அளவு இருக்கும். அதையடுத்து 'டெக்ஸ்ட் ஓவர்ரைடு' என்ற கட்டம். அது காலியாக இருந்தால் பிழைத்தீர்கள். அதில் வெறும் எண் இருந்தால், அந்த எண்ணை நம்பாதீர்கள்!

இதெல்லாம் சின்ன ஆபீஸ்களின் தலைவலி என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கே இந்தக் கதி நேர்ந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு குழு கேட்டியா மென்பொருளின் 4-ஆம் பதிப்பில் வரைந்தது, பிரான்சின் துலூஸில் இன்னொரு குழு 5-ஆம் பதிப்பில் வரைந்தது. ஒரு விமானத்துக்குள் 500 கி.மீ.க்கும் மேல் மின்கம்பி ஓடும். இரண்டு பதிப்பும் ஒத்துப்போகாததால், பொருத்தும்போது கம்பிகள் எட்டவில்லை. 2006-ல் அந்த விமானத் திட்டமே தள்ளிப்போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படியென்றால், நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கு?

அடுத்த அபாயம் அலகு. ஆட்டோகேட் தன்னோடு கொண்டுவரும் வெற்று டெம்ப்ளேட்டுகளில் அகாட் என்பது அங்குலம், அகாட்ஐஎஸ்ஓ என்பது மில்லிமீட்டர். ஒன்றில் வரைந்த நாற்காலியை இன்னொன்றில் செருகினால் மென்பொருள் தானாகவே 25.4-ஆல் பெருக்கும் அல்லது வகுக்கும். ஆனால் ஃபைலில் 'யூனிட்லெஸ்' என்று இருந்தால் அது ஊகத்தில் இறங்கிவிடும். நாற்காலி எள்ளளவு ஆனால் கண்ணில் படும். மாட்டும் ஆணியும் தாங்கியும் கொஞ்சம் தப்பானால் யார் பார்ப்பது? இதற்கு மேல் நம் தச்சர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அடி, அங்குலம், நூல்தான் கணக்கு. 'எல்லா அளவும் மி.மீ.' என்று ஒவ்வொரு தாளின் மூலையிலும் கொட்டை எழுத்தில் போடுங்கள். தமிழில் போடுங்கள்.

திரையில் தெரிகிறதா? தெரிந்தால் போதாது. 'டிஃப்பாயிண்ட்ஸ்' என்ற லேயரில் எதையாவது வரைந்தால் திரையில் அழகாகத் தெரியும், அச்சில் வரவே வராது. பெட்டிக்குள் போக வேண்டிய மின் இணைப்புப் புள்ளிகள் அந்த லேயரில் மாட்டிக்கொண்டால் எலக்ட்ரீஷியன் கையில் இருக்கும் தாளில் அவை இருக்காது. கடைசியில் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

தாளும் ஏமாற்றும். ஏ1-க்கு 1:20 என்று அமைத்த படத்தை ஏ3-ல் அடக்கி அச்சிட்டால் அது 1:40 ஆகிவிடும். மூலையில் மட்டும் 1:20 என்றே இருக்கும். 'ஃபிட் டு பேப்பர்' டிக் உங்கள் டெம்ப்ளேட்டில் நிரந்தரமாக விழுந்திருக்கிறதா, பாருங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு அதிகப் பயம். கண்ணாடி போனால் பணம்தான் போகும். இதில் பொருளே போகும்.

பழைய ஃபைலின் ஓரத்தில் 'பொதுக் குறிப்புகள்' என்று பத்து வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அதில், 'உட்புறம் எம்.டி.எஃப். பலகை' என்று ஒரு வரி இருக்கலாம். பழைய வேலையில் வைத்தது புகைப்படங்களும் மாதிரி உருவங்களும். நீங்கள் வைக்கப் போவதோ வெண்கலமும் ஈயக் காசும். எம்.டி.எஃப். அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி எங்கே போகும்? ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும், ஈயம் கலந்த வெண்கலத்தையும் விடாது. காடி நாற்றம் அடிக்கும் சிலிகான் பசையும் அப்படித்தான். இதைக் கண்டுபிடிக்கத்தான் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-ல் ஒரு சோதனை சொன்னார். பலகைத் துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு மூடி, 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பது. நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே பழம்பொருள்களைக் காக்க வேதியியல் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். அவர்கள் காப்பாற்றியதை நாம் ஒரு காப்பி-பேஸ்ட் வரியில் கெடுக்கலாமா?

வெளிச்சக் குறிப்பும் இதே ரகம்தான். கற்சிலைக்கு எழுதிய வெளிச்ச அளவு ஓலைச்சுவடியின் தலையில் விழும். சுவடிக்கும் துணிக்கும் 50 லக்ஸ்தான் வழக்கமான வரம்பு. வெளுத்த சாயம் திரும்பி வராது.

தமிழ் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். பழைய டெம்ப்ளேட்டில் பாமினி மாதிரி எழுத்துரு இருந்து, அது பட்டறைக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் விளக்கப் பலகையில் கண்டபடி ஆங்கில எழுத்து வரும். யூனிகோடு என்றாலும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று சிதறுகிறதா என்று அச்சில் வாசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து படிக்கும் பலகை அது.

இன்னொன்று, கேட்டால் தூக்கிவாரிப் போடும். வேறு ஆபீஸிலிருந்து வந்த டெம்ப்ளேட் ஃபோல்டரில் அகாட் என்ற பெயரில் ஒரு லிஸ்ப் ஃபைல் கிடக்கிறதா? நீங்கள் வைக்காத ஃபைல் என்றால் திறக்காதீர்கள்! 2012-ல் பெரு நாட்டில் பரவிய மெட்ரே என்ற வைரஸ் அந்தப் பெயரில்தான் ஒளிந்திருந்தது. வரைபடங்களைத் திருடிச் சீனாவில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. மியூசியத்தின் காவல் கேமரா எங்கே, பூட்டு எந்தப் பக்கம் என்பதெல்லாம் உங்கள் வரைபடத்தில்தானே இருக்கிறது?

ஒரே ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். அகாட்ஐஎஸ்ஓவிலிருந்து வெறுமையாகத் தொடங்குங்கள். லேயர், டைமென்ஷன் ஸ்டைல், தாள் மூலைக் கட்டம் எல்லாம் புதிதாகப் போட்டு, டெம்ப்ளேட்டாகச் சேமித்து, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பொதுக் குறிப்புப் பகுதியைக் காலியாகவே விடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் காப்பாளரிடம் கேட்டு எழுதுங்கள். தாளில் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து வையுங்கள். அச்சானதும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 100 வராவிட்டால் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

அந்தப் பெண் இப்போது அப்படித்தான் செய்கிறாள். அந்த நாற்பது பலகையில் உடைந்த ஒரு துண்டை மேஜை மேல் வைத்திருக்கிறாள். நீங்கள் இன்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன் பட்டறைக்கு ஏதாவது ஃபைல் அனுப்பப் போகிறீர்களா? அனுப்பாதீர்கள். முதலில் அந்த 'டெக்ஸ்ட் ஓவர்ரைடு' கட்டத்தைப் பாருங்கள்.