ஆறாவது ஆட்டக்காரரை விட்டுக்கொடுக்கலாமா?

கூடைப்பந்து ஆட்டத்தில் களத்தில் நிற்பவர்கள் ஐவர். பார்வையாளர்களாகிய நம் கண்களும் அந்த ஐவர் மீதே இருக்கின்றன. ஆனால் ஓர் அணியை நிர்வகிப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, கோட்டுக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்பவர்கள்தாம். அவர்களுள் யாரை வைத்துக்கொள்வது? யாரை விடுவது? 2012ஆம் ஆண்டு இந்தக் கேள்வி எங்கள் விடுதியையே இரண்டாகப் பிரித்தது.

அப்போது நான் இரண்டாமாண்டு மாணவன். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் துணைத் தலைவன். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி எங்களுக்கு உயிர். கெவின் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், செர்ஜ் இபாக்கா ஆகியோர் தொடக்க ஐவரில் ஆடுவார்கள். ஜேம்ஸ் ஹார்டன் பெஞ்சிலிருந்து வருவார். அவ்வாண்டு சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஜூன் மாத இறுதிச் சுற்றில் மியாமி அணியிடம் தண்டர் 4-1 எனத் தோற்றது. அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை, தே தாரிக் ஆறிப்போகும் அளவுக்கு ஒரு செய்தி வந்தது. ஹார்டனை ஹூஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்!

இப்படி ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சில கணக்குகள் தேவை. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். ஐந்து இடங்களுக்கும் சேர்த்தால் மொத்தம் 240 நிமிடம். தொடக்க ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் 35 நிமிடம் ஆடினாலும் 65 நிமிடம் மிஞ்சும். ஆட்டத்தின் கால் பங்குக்கும் மேலான அந்த நேரம் பெஞ்சின் கையில் இருக்கிறது. ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் என்பதையும், காயங்கள் வராமல் இருக்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பெஞ்சின் மதிப்பு விளங்கும்.

அடுத்தது பணம். 2012-13 பருவத்தில் ஓர் அணியின் சம்பள வரம்பு ஏறத்தாழ 58 மில்லியன் டாலர். தன் சொந்த ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க இதைத் தாண்டலாம். ஆனால் ஏறத்தாழ 70 மில்லியனைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும். அதுவரை தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் என்றிருந்த வரி, 2013-14 முதல் படிப்படியாக ஏறும் வரியாக மாறவிருந்தது. சிறிய நகரத்து அணிக்கு இது பெரும் சுமை. டுரான்ட், வெஸ்ட்புரூக் இருவருக்கும் ஏற்கெனவே பெரிய ஒப்பந்தங்கள் இருந்தன. ஆகஸ்டில் இபாக்காவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 49 மில்லியன் ஒதுக்கினார்கள். ஹார்டனுக்கோ கேட்டது கிடைக்கவில்லை. ஒப்பந்த நீட்டிப்புக்கு அக்டோபர் 31 கடைசி நாள். அதற்கு நான்கு நாள் முன்பு, அமெரிக்க நேரப்படி 27ஆம் தேதி, பரிமாற்றம் முடிந்தது.

நான் நிர்வாகத்தின் பக்கம் நின்றேன். “இபாக்கா தொடக்க ஆட்டக்காரர். ஹார்டன் பெஞ்சு. பெஞ்சுக்கா இவ்வளவு காசு?” என்று வாதிட்டேன். என் அறைத்தோழன் விடவில்லை. “டேய், ஆட்டம் ஆரம்பிக்கிறப்ப யார் நிக்கிறான்னு பாக்காதே. முடியுறப்ப யார் நிக்கிறான்னு பாரு” என்றான். பதில் சொல்ல முடியாமல் நான் இன்னொரு தே தாரிக் கேட்டேன்.

முதலில் நான் சொன்னதே சரி என்று தோன்றியது. அடுத்த பருவத்தில் தண்டர் 60 ஆட்டங்களில் வென்றது. ஹார்டனுக்கு மாற்றாக வந்த கெவின் மார்ட்டின் பெஞ்சிலிருந்து சராசரியாக 14 புள்ளிகள் எடுத்தார். ஆனால் 2013 ஏப்ரலில், அதுவும் ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்திலேயே, வெஸ்ட்புரூக்கின் முழங்காலில் காயம். பந்தைக் கொண்டுவந்து பிறருக்கு வழி அமைத்துத் தருவதில் அவருக்கு நிகரானவர் அணியில் வேறு எவரும் இல்லை. சுமை முழுவதும் டுரான்ட் தோளில் விழுந்தது. ஹூஸ்டனைத் தாண்டினாலும் அடுத்த சுற்றில் மெம்பிஸ் அணி 4-1 என வென்றது. மார்ட்டின் புள்ளிகளை ஈடுசெய்தார். ஹார்டனின் வேலையை ஈடுசெய்ய முடியவில்லை. 2018இல் ஹார்டன் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். நியாயமாகச் சொன்னால், அந்தப் பரிமாற்றத்தில் கிடைத்த தேர்வுரிமை ஒன்றின் வழியாக ஸ்டீவன் ஆடம்ஸ் வந்து 2020 வரை தண்டருக்கு நன்றாகவே உழைத்தார். எனவே இது முழு நட்டம் அன்று.

இந்தப் பாடத்தை நான் தொலைக்காட்சியில் மட்டும் கற்கவில்லை. அதே பருவத்தில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு எங்கள் 15 பேரில் 12 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெஞ்சுக்கு யார் என்பதைப் பயிற்றுநர் என்னிடம் விட்டார். நான் நட்புமுறை ஆட்டங்களின் புள்ளிகளை வரிசைப்படுத்தி, கடைசி மூன்று பெயர்களை அடித்தேன். அவர்களுள் ஒருவர் முதலாமாண்டுத் தம்பி. ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து அவர் எடுத்தது எட்டே புள்ளி. ஆனால் எதிரணி எவ்வளவு நெருக்கினாலும் பந்தை இழக்கமாட்டார். என் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. செய்தியைச் சொன்னபோது, “பரவால்லண்ணா” என்றார்.

அரையிறுதியில் ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்தோம். ஆறு நிமிடம் இருக்கையில் எங்கள் முதன்மை ஆட்டக்காரர் ஐந்தாவது தவறு செய்து வெளியேறினார். எதிரணி முழுக் களத்திலும் நெருக்கியது. எட்டு வினாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டவே எங்களால் இயலவில்லை. தோற்றோம். ஆதரவாளர்களோடு வந்திருந்த அந்தத் தம்பி, திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்தார். “அண்ணா, அவங்க எப்பவும் இடப்பக்கம்தான் அடைக்கிறாங்க. வலப்பக்கம் திறந்துதான் இருந்துச்சு” என்றார். முதல் பாதியிலேயே அதைக் கண்டுவிட்டாராம். அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பெஞ்சில் யாரை வைப்பது என்பதற்கு இன்று என் விடை இதுதான். ‘இவர் எத்தனை புள்ளி எடுப்பார்?’ என்று கேட்பதற்கு முன், ‘நம் முதன்மை ஆட்டக்காரர் இல்லாத ஆறு நிமிடத்தில் இவர் என்ன செய்வார்?’ என்று கேட்க வேண்டும். விலை, வயது, ஒப்பந்தக் காலம் எல்லாம் அதன் பிறகுதான்.

தண்டரும் அப்படித்தான் கேட்டது போலும். 2024இல், ஹார்டனை விட்ட அதே நிர்வாகி சாம் பிரெஸ்டி, தொடக்க ஐவரில் ஆடிவந்த ஜோஷ் கிட்டியைக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கினார். கருசோ பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வருபவர். 2024-25இல் சராசரி ஏழு புள்ளிதான். ஆனால் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், தம்மைவிட மிக உயரமான நிக்கோலா யோக்கிச்சைத் தடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த ஆட்டத்தை வென்ற தண்டர், 2025 ஜூனில் கிண்ணத்தையும் வென்றது.

அணி மட்டுமா? நம் தமிழ்ச் சங்கத்திலும் ஆண்டுதோறும் செயலவையைத் தேர்ந்தெடுக்கிறோம். மேடையில் பேசுபவர்களை நமக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் இருந்து, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? பெயரை அடிக்கும் முன் அவரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள்.