பட்டாசுப் பெட்டியின் குறியீடும் ஆலை வாசலின் திரையும்

சிவகாசி வட்டாரத்தில் தயாராகும் பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் 2019 முதல் க்யூஆர் குறியீடு இடம்பெற்று வருகிறது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி கொண்டுவந்த ஏற்பாடு இது. மாசு குறைந்த, பசுமைப் பட்டாசுகளை மட்டுமே தயாரிக்கலாம், விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. பேரியம் உப்புகளுக்கும் தடை வந்தது. உள்ளே பேரியம் நைட்ரேட் இருக்கிறதா என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீரியின் செயலியைத் திறந்து குறியீட்டின் மேல் செல்போனைக் காட்டினால், அது அங்கீகாரம் பெற்ற சரக்கா என்று தெரிந்துவிடும்.

போலியைத் தடுக்க இது நல்ல வழி. ஆனால் பொதுமக்களுக்குக் கற்றுத்தரும் ஊடகமாகப் பார்த்தால், இது எதிர்பார்ப்பது அதிகம்; கற்றுத்தருவது குறைவு. தீபாவளி நெரிசலில் கடைமுன் நிற்பவர் செயலியை இறக்கி, எழுத்தைப் படித்து, சரிபார்க்க வேண்டும். பட்டாசைச் செய்யும் தொழிலாளிக்கோ இதில் எதுவும் இல்லை. மருந்து புழங்கும் அறைகளில் செல்போனுக்கே இடமில்லை.

பலர் சேர்ந்து பார்க்கவும் கேட்கவும் ஏற்ற டிஜிட்டல் ஊடகத்தை எப்படி வடிவமைப்பது என்ற கேள்வியில் இந்தியாவில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. புதுச்சேரி மீனவக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினி ஒன்றுதான், கேட்டது ஊர் முழுவதும். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த சுனாமி எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்துக்கு உடனே கொண்டுசேர்த்ததும் இதே ஏற்பாடுதான். மக்கள் நேரத்தோடு வெளியேறினார்கள்.

பெங்களூருவில் ஆய்வாளர் இந்திராணி மேதியும் அவருடைய குழுவும் எழுத்தே இல்லாத கணினித் திரையை வடிவமைத்தார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்களுக்குப் புரியும் வரை படங்களைத் திருத்தினார்கள். 2006இல் வெளியான இந்த ஆய்வின்படி, ஒரு பொருளை மட்டும் வரைந்து காட்டினால் வேலை விளங்காது. குழாயை வரைந்தால் போதாது. அதிலிருந்து தண்ணீர் கொட்டுவதையும் காட்ட வேண்டும். அதே ஆண்டு பெங்களூருவில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டம் உள்ளூர் விவசாயிகளையே நடிக்கவைத்துப் படமெடுத்தது. ஊர்க்காரர் ஒருவர் அவ்வப்போது படத்தை நிறுத்திக் கேள்வி கேட்டார், பதில் சொன்னார். வழக்கமான வேளாண் பயிற்சியைவிட ஏழு மடங்கு வரை அதிகமானோர் புதிய முறைகளைக் கைக்கொண்டதாக அந்தத் திட்டம் பற்றிய ஆய்வு காட்டியது. படத்தைவிட, அதை நிறுத்திப் பேசிய ஆள் முக்கியம் என்றே தோன்றுகிறது.

பட்டாசுத் தொழிலுக்கு இவை அப்படியே பொருந்தும். விபத்துச் செய்திகளில் அடிக்கடி வரும் காரணம் உராய்வு. அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த கலவை தீப்பிடிக்க ஒரு பாத்திரத்தைத் தரையில் இழுப்பதே போதும். ஆனால் உராய்வு கண்ணுக்குத் தெரியாது. 'உராய்வைத் தவிர்க்கவும்' என்ற பலகை யாருக்கு என்ன சொல்லும்? இழுக்கும் கையையும் தூக்கும் கையையும் அடுத்தடுத்து அசையும் படமாகக் காட்டினால் பத்து விநாடியில் விளங்கும். கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைத்தால் ஈரம் பட்டுச் சூடேறும் என்பதும், அறைக்கு நான்கு பேர் என்ற வரம்பு ஏன் என்பதும் அப்படித்தான். காலையில் வேலைக்கு நுழையும் முன், மருந்து அறைகளுக்குத் தொலைவில் உள்ள வாசலில் திரையை வைத்து, போர்மேன் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். சிவகாசியில் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. ஆனால் வகுப்புக்கு ஒருநாள் போய்வருவதும், தினமும் காலையில் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல.

ஆலைக்கு வெளியே இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி அருகே ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்ல. உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். 'கிட்டே வராதீர்கள்' என்று அந்த நேரத்தில் உரக்கச் சொல்ல ஊரில் ஒரு குரல் வேண்டும். நல்லவாட்டில் அது இருந்தது.

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. நாட்டுக்கே நாட்காட்டி அச்சிடும் சிவகாசியில் படம் வரைய ஆளுக்கும் பஞ்சமில்லை. தொழிலாளர்களை உட்காரவைத்து, அவர்களுக்குப் புரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்தும் வேலைதான் பாக்கி. ஆலை உரிமையாளர் சங்கங்களும் மாவட்ட நிர்வாகமும் அடுத்த தீபாவளிக்கான உற்பத்தி சூடுபிடிக்கும் முன் அதைத் தொடங்க வேண்டும்.