நீர் திரும்பினால் தவளை திரும்பும்

மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் தோட்டத்து வடிகால்களிலிருந்து எழும் தவளைகளின் பேரொலியைக் கேளாதவர் நம்முள் இலர். அதனை வெறும் இரைச்சல் என்று எண்ணுவோரும் உளர். அங்கே நீரும் நிழலும் பூச்சியினமும் இன்னும் குன்றவில்லை என்பதற்கு அவ்வொலியே சான்றாகும்.

தவளை, தேரை முதலியவற்றை இருவாழ்விகள் என்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவற்றின் வாழ்வு நீரில் தொடங்கி நிலத்திற்கு வருகிறது. தவளையின் முட்டைக்குக் கோழி முட்டையைப் போல ஓடு கிடையாது. ஈரம் வற்றினால் காய்ந்து அழியும். முட்டையிலிருந்து வெளிவரும் தலைப்பிரட்டை, மீனைப் போலச் செவுள்களால் மூச்சு விடுகிறது. பின்னர்க் கால்கள் முளைத்து, வால் மறைந்து, நுரையீரல் வளர்ந்து கரையேறுகிறது. வளர்ந்த தவளை தன் மெல்லிய தோலாலும் மூச்சு விடும். நீரையும் தோலின் வழியே உறிஞ்சும். ஆகவே, நீரில் கலந்த நஞ்சு எளிதில் அதன் உடலினுள் புகுந்துவிடுகிறது.

நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் சில வேளைகளில் ஒட்டியிருக்கும் மரத்தவளையை எண்ணிப் பாருங்கள். அது நீருக்கு மேலே இலையிலோ செடியிலோ நுரையால் கூடு கட்டி முட்டையிடும். தலைப்பிரட்டைகள் கூட்டிலிருந்து நழுவிக் கீழே விழும். அவ்வேளையில் கீழே நீர் இல்லையெனில் அத்தனையும் மடிய வேண்டியதுதான்.

2023ஆம் ஆண்டில் வெளிவந்த அனைத்துலக ஆய்வொன்று, 8,000க்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் நிலையை நெருங்கியுள்ளன என்று கண்டது. வாழுமிடம் அழிவதே அதற்கு மிகப் பரவலான காரணமாகும். அழிந்த இடத்தை மீண்டும் உண்டாக்க இயலுமா? நம் நாட்டிலேயே அம்முயற்சி நடைபெற்று வருகிறது.

சிலாங்கூர் மாநிலத்தின் வடக்கே ஏறத்தாழ 80,000 ஹெக்டர் பரப்பில் கரிச்சதுப்புக் காடு உள்ளது. ராஜா மூசா வனக்காப்பகம் அதன் ஒரு பகுதி. அங்கு விழுந்த இலைகளும் கிளைகளும் நீரில் மூழ்கிக் கிடப்பதால் முற்றும் மக்குவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த அவை, பல அடி ஆழமுள்ள கறுப்பு மண்ணாகியுள்ளன. அம்மண் பஞ்சைப் போல மழைநீரைத் தாங்கி வைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடும். அருகிலுள்ள தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கும் அந்நீர் உதவுகிறது.

முற்காலத்தில் வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு வெளியே கொண்டுவரக் காட்டினுள் கால்வாய்கள் தோண்டப்பட்டன. மரம் போன பின்னரும் கால்வாய்கள் நீரை வடித்துக்கொண்டே இருந்தன. காய்ந்த கரிமண் சுருங்கித் தாழ்ந்தது. வறட்சியில் அதில் தீப்பற்றினால், நெருப்பு மண்ணுக்கடியில் ஊர்ந்து பல நாள் புகையும். அப்புகைமூட்டம் நம் பிள்ளைகளின் மூச்சையும் திணறச் செய்கிறது.

2008ஆம் ஆண்டு முதல் மாநில வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர் என்னும் அமைப்பும் ராஜா மூசாவைச் சீர்ப்படுத்தி வருகின்றன. முதல் வேலை, நீரைத் தடுத்து நிறுத்துவது. மரக்கம்புகளும் மணல் மூட்டைகளும் கொண்டு கால்வாய்களில் அணை இடப்படுகிறது. ஒரே அணையாயின் நீர் அதனை உடைத்துவிடும். எனவே படிக்கட்டுப் போல இடைவெளிவிட்டுப் பல அணைகள் இடுவர். அடுத்த வேலை, மரம் நடுவது. வெயிலைத் தாங்கி விரைந்து வளரும் மாஹாங் கன்றுகளை மாணவர்களும் பொதுமக்களும் நட்டுள்ளனர். அதன் நிழலில் பிற மரங்கள் தலையெடுக்கும். இந்த முறை மாறலாகாது. நீரை நிறுத்தாமல் கன்றை நட்டால் வறட்சியில் தீ அதனை விழுங்கிவிடும்.

தவளைகளை யாரும் கூடையில் கொண்டுவந்து விடவேண்டியதில்லை. பக்கத்தில் உயிருள்ள காடு எஞ்சியிருந்தால், நீரும் நிழலும் திரும்பிய இடத்திற்கு அவை தாமே வந்துசேரக்கூடும். ஆனால், வயலிலும் வடிகாலிலும் வாழும் தவளை வேறு. காட்டுச் சதுப்பின் புளிப்பு நீருக்குப் பழகிய தவளை வேறு. எஞ்சிய காடும் அழிந்துவிட்டால் திரும்பி வர எவையும் இரா.

"நீரைத் தேக்கினால் கொசு பெருகாதா? டெங்கிக் காய்ச்சல் வாராதா?" என்று பெற்றோர் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பழைய டயர், தகரக் குவளை, பூச்சாடித் தட்டு போன்றவற்றில் தேங்கும் நீரில்தான் முட்டையிடுகிறது. மீனும் தும்பியின் இளம்பூச்சியும் வாழும் குளத்தில் கொசுப் புழுக்களுக்குப் பகைவர் பலர். ஆகவே, வீட்டைச் சுற்றியுள்ள குவளைகளைக் கவிழ்ப்போம். உயிருள்ள குளத்தை மூடாதிருப்போம்.

செம்பனைக்கும் ரப்பருக்கும் வடிகால் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. அவற்றை நம்பியே பல குடும்பங்கள் வாழ்கின்றன. எனினும், அடிக்கடி வெள்ளம் ஏறும் ஆற்றோரத் தாழ்நிலத்தைப் பயிரிடாது விட்டுவைப்பதால் பெரும் இழப்பு நேராது. அதனை முடிவு செய்வோர் தோட்ட நிருவாகத்தினர். நம்மால் ஆவனவும் சில உள. மருந்து தெளிக்கும் கருவியை ஓடையில் கழுவாதிருக்கலாம். ஓடைக்கரைப் புல்லையும் புதரையும் ஒட்டச் செதுக்காது விடலாம். குப்பையைக் குட்டையில் கொட்டாதிருக்கலாம்.

மாணவச் செல்வங்களே! தலைப்பிரட்டையைப் புட்டியில் அடைத்து வீட்டிற்குக் கொண்டு செல்லாதீர்கள். குட்டையருகே அமைதியாக அமர்ந்து, அதற்கு எந்நாளில் கால் முளைக்கிறது என்று கண்டு குறித்து வையுங்கள். நீரைக் காத்தால் தவளை வாழும். தவளை வாழும் நிலத்தில் நாமும் நலமாக வாழ்வோம்.