பொறிப்பாவைகளைப் பேணும் திறம்

சீவகசிந்தாமணியைக் கற்றார் எவரும், சச்சந்தன் தன் தேவியின் பொருட்டுச் செய்வித்த மயிற்பொறியை மறவார். ஒருபுறம் முறுக்க மேலெழுந்தும் மறுபுறம் முறுக்கக் கீழிறங்கியும் பறந்த அம்மயிலையும் அதனைச் செய்த தச்சனையும் காவியம் நமக்குக் காட்டுகின்றது. ஆனால் அதன் திருகுகளைத் துடைத்து எண்ணெயிட்டு, வேண்டும்போது பறக்குமாறு வைத்திருந்தவன் யாவன் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொறிகளைப் பற்றி எழுதப்படும் வரலாறுகள் இக்காலத்தும் பெரும்பாலும் இவ்வாறே இருக்கின்றன. ஆதலின் இக்கட்டுரையில் நாம், அமெரிக்க நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களிலே பேசியும் பாடியும் கையசைத்தும் காண்போரை மயக்கும் பொறிப்பாவைகளை எடுத்துக்கொண்டு, அவற்றைச் செய்தோரை விடுத்து, பேணுவோர் தொழிலைச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

வால்ட் டிஸ்னி என்பார் 1955-ம் ஆண்டு ஜூலை மாதம் 17-ந் தேதி கலிபோர்னியா மாகாணத்து அனஹைம் என்னும் ஊரில் டிஸ்னிலாந்து என்னும் பூங்காவைத் திறந்து வைத்தார். அங்கே 1963-ல் ‘டிக்கி ரூம்’ என்னும் மண்டபம் ஒன்று தோன்றியது. கிளிகளும் பூக்களும் மரத்தில் செதுக்கிய தெய்வ உருவங்களுமாக 150-க்கு மேற்பட்ட பாவைகள் அங்கே பாட்டுக்கேற்ப வாய் திறந்து அசைந்தன. காந்த நாடாவில் பதிந்த ஒலியே அவற்றின் அசைவையும் ஏவியது. அவற்றை இயக்கும் சாதனங்கள் வெப்பத்தைத் தாங்கமாட்டா. அதனால் அப்பூங்காவில் முழுதும் குளிரூட்டப்பெற்ற முதற் கட்டடம் இதுவேயாயிற்று. அடுத்த ஆண்டு நியூயார்க் நகரத்து உலகப் பொருட்காட்சியில் ஆபிரகாம் லிங்கனின் பாவை நாற்காலியினின்று எழுந்து நின்று பிரசங்கம் செய்தது. 1967-ல் டிஸ்னிலாந்தில் கடற்கொள்ளைக்காரரைக் காட்டும் படகுப் பயணம் திறக்கப்பட்டது. பின்னர் இத்தகைய பாவைகள் பல நாட்டுப் பூங்காக்களிலும் பரவின.

ஒரு பாவையின் உள்ளே இருப்பது யாது? எஃகினாலாய எலும்புக்கூடு ஒன்று. அதன் மூட்டுக்கள்தோறும் காற்றழுத்தத்தாலோ எண்ணெய் அழுத்தத்தாலோ முன்னும் பின்னும் ஓடும் சிறு சிலிண்டர்கள் அமைந்திருக்கும். விரல், இமை முதலிய சிறிய அசைவுகளுக்குக் காற்றே போதும். எழுந்து நிற்றல், வாள் வீசுதல் போன்றவற்றிற்கு எண்ணெய் வேண்டும். அவ்வெண்ணெயை அளந்து விடுவது வால்வு. முழங்கை இப்போது எவ்வளவு மடங்கியிருக்கின்றது என்பதை மூட்டில் உள்ள அளவி ஒன்று மின்குறியாக அனுப்புகின்றது. எவ்வளவு மடங்க வேண்டும் என்பதைக் கணிப்பொறி அறியும். இரண்டிற்கும் உள்ள வேற்றுமை தீரும் வரையில் வால்வு திறந்திருக்கும். இவை அனைத்தையும் மூடுவது மெல்லிய தோல். அதன்மேல் மயிரும் உடையும். காண்போர் அறிவது இக்கடைசி இரண்டை மட்டுமே.

இனி, இப்பாவை படும் பாட்டை ஒரு சிறு கணக்கால் விளக்குவாம். படகுகள் இடையறாது செல்லும் ஒரு காட்சியில் பாவையொன்று 10 விநாடிக்கு ஒருமுறை கையை உயர்த்தித் தாழ்த்துவதாகக் கொள்வோம். பூங்கா நாளொன்றுக்கு 14 மணி நேரம் திறந்திருப்பின் அக்கை 5,040 முறை எழும். ஓராண்டில் 18 இலட்சம் முறைக்கு மேலாகும். மேடை நடிகர் ஒருவர் ஓராண்டில் 300 நாள் நடித்தாலும், அவர் தம் வாளை உயர்த்துவது சில ஆயிரம் முறைக்கு மேற்படாது. அவர்க்கோ இரவில் உறக்கமும், காயம்பட்டால் தானே ஆறும் உடலும் உண்டு.

ஆதலின் பாவைக்கு நேரும் நோய்கள் பல. சிலிண்டரின் வாயில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும். ஒரு துளிதான் என்று இருந்துவிடல் ஆகாது. அத்துளி பட்டாடையில் இறங்கிக் கறையாகி, கொள்ளைக்காரனின் தொடையில் காயம்போலத் தோன்றும். தோலின் உட்புறத்தையும் ஊறச்செய்து கெடுக்கும். எண்ணெய்க்குள் காற்றுப் புகுந்தால் கை நடுங்கும். வால்வில் மயிரிழையளவு தூசு தங்கினால் அசைவு தாமதிக்கும். வாய் அரை விநாடி பிந்தினால் போதும். குரல் ஓரிடத்தும் உதடு ஓரிடத்துமாகிப் பாவை பிணம்போல் ஆகிவிடும். மடங்கும் இடத்திலெல்லாம் மின்கம்பி முறியும். பற்றவைத்த இணைப்புக்களில் நுண்ணிய வெடிப்புத் தோன்றி நாளடைவில் வளரும். தோலோ முதலில் உதட்டின் கோடியிலும் கண்ணிமையிலும் கிழியும், ஏனெனில் மிகுதியாக நெளிவது அவ்விடங்களே. அதனை ஒட்டுவோர்க்குச் சிற்பியின் விரலும் வைத்தியரின் பொறுமையும் வேண்டும். இவ்வேலைகளெல்லாம் பூங்காவின் வாயில் அடைபட்ட பின்பு தொடங்கிப் பொழுது விடிவதற்குள் முடிதல் வேண்டும். பகலில் இசையும் மங்கிய ஒளியும் நிறைந்திருந்த மண்டபத்தில் வெள்ளை விளக்குகள் எரிய, உடை நீக்கப்பெற்ற பாவைகளின் நடுவே இயந்திரத் தொழிலாளரும் தையற்காரரும் வண்ணம் பூசுவோரும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்வர்.

விரைந்த அசைவு மற்றொரு தொல்லை. கனத்த கை வேகமாகச் சென்று சட்டென்று நின்றால் அவ்வதிர்ச்சி உடல் முழுதும் பாய்ந்து எலும்புக்கூட்டையே உலுக்கும். முற்காலப் பாவைகள் பல மெல்ல அசைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மனிதன் கை நிற்கும்போது சற்றே தளர்ந்து நெகிழ்ந்து நிற்பதுபோலப் பாவையின் கையும் நெகிழ்ந்து நிற்குமாறு செய்யும் முறை பின்னர்க் கண்டுபிடிக்கப்பட்டது. 1989-ல் புளோரிடாவில் திறந்த ‘கிரேட் மூவி ரைடு’ என்னும் காட்சியில், பச்சை முகமுடைய சூனியக்காரி ஒருத்தி இம்முறையினால் உடலை வளைத்து மிரட்டியதைக் கண்டோர் வியந்தனர். அக்காட்சி 2017-ல் மூடப்பட்டது. எண்ணெயை முற்றிலும் விலக்கி மின்மோட்டாரினால் இயக்குவது அதற்கடுத்த படி. 2009-ல் டிஸ்னிலாந்தில் புதிதாக அமைத்த லிங்கன் பாவையின் தலை இவ்வாறு இயங்குவதாகும். மோட்டார் கசியாது என்பது மெய். ஆயினும் அது சூடேறும், அதன் பற்சக்கரங்கள் தேயும், தேய்ந்தால் இரையும். அமைதியான காட்சியில் கழுத்துக்குள் இரைச்சல் கேட்பதைக் காட்டிலும் ஒரு துளி எண்ணெயே மேல் என்று பழைய தொழிலாளர் முணுமுணுத்தால் அவரைக் குறை கூறுவதற்கில்லை.

இதுகாறும் கூறியவை கண்ணுக்குப் புலப்படும் கேடுகள். இவற்றினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத தேய்வு என்பதே நம் கருத்து. ஒரு மூட்டு வலுவிழந்ததென்று தோன்றினால், அது முறியாதிருக்கும் பொருட்டு அதன் அசைவைச் சிறிது குறைத்து வைக்கலாம். அன்றைக்கு அது தக்க செயலே. ஆனால் அடுத்த ஆண்டு மற்றொரு மூட்டும், பின்னர்த் தலையசைவும் குறைக்கப்பட்டால், பாவை பழுதின்றி ஓடும். நடிப்பு மட்டும் போய்விடும். நாடோறும் பார்க்கும் கண் இதனைக் காணாது. வண்ணமும் அப்படியே. வெளிறிய சுவருக்கருகே உள்ள கதவைப் புதுப்பிப்பவன் சுவருக்கு ஒப்பவே வண்ணம் கலப்பான். பிறகு சுவரைப் புதுப்பிப்பவன் கதவைப் பார்த்துக் கலப்பான். சில முறை இவ்வாறு நிகழ்ந்தபின் ஓவியன் எண்ணிய நிறம் எங்கே? இதற்காகவே முதல் நாளைய வண்ணத் துண்டுகளையும் முதல் நாளைய நடிப்பின் படத்தையும் சேமித்து வைத்து ஒப்பிடுதல் இன்றியமையாததாகின்றது. டிஸ்னி நிறுவனத்தில் காட்சியின் தரத்தை மட்டுமே நோக்குவதற்கெனத் தனிப் பிரிவு ஒன்று ஏற்பட்டிருக்கின்றது. அங்குள்ளார் கேட்கும் வினா, “இது ஓடுகின்றதா?” என்பதன்று, “இது அன்றிருந்தபடி இருக்கின்றதா?” என்பதே. வேடிக்கை ஒன்றை இங்கே சொல்லி வைப்போம். 1969-ல் திறந்த பேய்மாளிகையில் தூசும் சிலந்திவலையும் வேண்டுமென்றே இடப்பட்டவை. அங்கே துடைப்பத்தை நன்றாக வழங்கும் வேலையாளே காட்சியைக் கெடுப்பவனாவான்!

பாவை நடிக்க இயலாதபோது செய்யத்தக்கது யாது? காட்சியை நிறுத்துவதா, குறையோடு நடத்துவதா? இத்தொழிலில் உள்ள கடினமெல்லாம் இவ்வினாவில் அடங்கும். நியூயார்க் பொருட்காட்சி 1964-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ந் தேதி தொடங்கியது. லிங்கன் பாவை அப்பொழுது சொன்னபடி கேட்கவில்லை. டிஸ்னியார் பெரியோர் பலர் காத்திருந்தும் அதனை மேடையேற்ற இசையாமல், செப்பமுற்ற பின்னரே, மே மாதத் தொடக்கத்தில், ஜனங்களுக்குக் காட்டினார்.

இதற்கு மறுதலையான செய்தி ஒன்றும் உண்டு. புளோரிடாவில் உள்ள அனிமல் கிங்டம் பூங்காவில் 2006-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ என்னும் மலைரயில் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 200 அடி உயரமுள்ள செயற்கை மலை அது. அதனுள்ளே யெட்டி என்னும் பனிமனிதன், ஏறத்தாழ 25 அடி உயரமுடையவனாய், விரைந்து வரும் வண்டியை நோக்கிப் பாய்ந்து கைவீசுவான். அத்துணைப் பெரிய பாவை அவ்வளவு வேகமாக இயங்குவது முன்னர்க் கண்டறியாத புதுமை. சில மாதங்களே அவன் பாய்ந்தான். அவனைத் தாங்கும் அமைப்பில் குறை நேர்ந்ததென்பது பொதுவாக வழங்கும் செய்தி. அசைவு நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக, விட்டுவிட்டு மின்னும் விளக்கொன்றை அவன்மேல் வீசி, நின்ற பாவை அசைவதுபோன்ற மயக்கம் உண்டாக்கப்பட்டது. வேடிக்கை பார்ப்போர் அவனுக்கு ‘டிஸ்கோ யெட்டி’ என்று பெயரிட்டனர். அதனை வகுத்த தலைவர் ஜோ ரோடி 2013-ல், என்றேனும் ஒருநாள் அவனைச் சீராக்குவேன் என்று ரசிகர் கூட்டத்தில் உறுதி கூறினார். 2021-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் நிறுவனத்தை விட்டு ஓய்வு பெற்றபோதும் யெட்டி நின்றபடியே நின்றான்.

பூங்காவார் பக்கத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ரயில் நன்றாக ஓடுகின்றது. அதில் ஏறுவதற்கே பலர் வருகின்றனர். ஒரு பாவைக்காக மலையைப் பிளந்து மாதக்கணக்கில் மூடினால், தொலைவிலிருந்து பொருள் செலவிட்டு வந்த குடும்பங்கள் ரயிலையும் இழக்கும். ஆதலின் விளக்கை மாட்டி வைத்த முதல் நாளை நாம் குறை கூறோம். பழுது தீரும்வரை ஒப்புக்கு ஓர் ஏற்பாடு எந்தக் காட்சிக்கும் வேண்டுவதே. ஆனால் ஒப்புக்கு வைத்தது வழக்கமாகிவிடுமாயின், முதன்முறையாக வரும் சிறுவன் யெட்டி பாய்வான் என்பதையே அறியமாட்டான். அவனிடமிருந்து முறையீடு வராது. முறையீடு வராமையால் செலவு செய்வதற்கும் காரணம் காட்ட முடியாது. இரவு வேலைக்காரர் தம் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுக்கும் குறிப்பேடு ஒன்றே அச்சிறுவனுக்காகப் பேசவல்லது.

யெட்டியின் கதையில் நாம் குறை காண்பது பெரிதும் மலையை வகுத்த காலத்தில்தான். பாவையை வெளியே எடுப்பதற்கு வழி எங்கே, அதன் அடிப்பீடத்தை ஆள் நின்று சோதிப்பதற்கு இடம் எங்கே, தேய்ந்த உறுப்பை மாற்றும்போது எது கழன்றால் எது விழும் என்பவற்றை, எண்ணெய்த் துணியும் கையுமாக நிற்பவனையே வரைபடத்தின் முன் அழைத்துக் கேட்டல் வேண்டும். சுவர் எழும்பிய பின் அவன் கூறும் விடை, பெரும்பாலும் சுவரை இடிக்க வேண்டும் என்பதாகவே இருக்கும்.