அரை கிராம் ஈயம்

காக்கநாட்டில் எங்கள் குடியிருப்பில் என் மகளுக்குப் பெயர் 'துப்பாக்கிக்காரி'. பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். போன மழைக்காலத்தில் திடீரென்று அவள் சுட்டதெல்லாம் சிதறியது. கவனம் போதாது என்று திட்டிவிட்டேன். குற்றம் அவளிடம் இல்லை, மலிவு என்று நான் வாங்கி வந்த பெல்லட் டப்பாவில்!

பெரிய ரைபிள்காரர்கள் சிலர் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தாங்களே மருந்தை நிறுத்து அடைப்பார்கள். ஏர் ரைபிளில் மருந்து கிடையாது, காற்றுதான் தள்ளுகிறது. நாம் தேர்ந்தெடுக்க முடிந்தது அரை கிராம் ஈயம் மட்டுமே.

பெல்லட்டின் தலை 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று பல அளவில் வரும். எது பொருந்தும் என்பதைக் குழல்தான் சொல்லும். ரைபிளை வைஸில் இறுக்கி, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டோம். நெருக்கமாக விழுந்த வகையில், அதே லாட் எண்ணாகப் பார்த்து மொத்தமாக வாங்கினோம். நகைத் தராசில் நிறுத்தும் பார்த்தேன். எடையைவிட, பின்விளிம்பு நசுங்கியவற்றைப் பொறுக்கி எறிந்ததே அதிகம் உதவியது. கொச்சி ஈரத்தில் ஈயம் வெளுத்துப் பூக்கும், டப்பாவை இறுக மூடுங்கள். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட விடாதீர்கள்.

இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளில் 630.7 எடுத்தும் பத்தாமிடம். இறுதிச்சுற்று எட்டுப் பேருக்கே.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது டப்பா வாங்குவது அவள் பொறுப்பு.